சனிக்கிழமை நாட்டு நடப்பு

மார்ச் 10, திங்கள்

டொக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். நித்திரை வரவில்லை என்று போனேன். குளிசை தரமாட்டாராம். "மனசிலை கிடக்கிறதை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் எழுதுங்கோ அன்ரி. ஒரு புது ஆளுக்குச் சொல்லுற மாதிரி எழுதுங்கோ" என்றார். என் மனதில் கிடப்பதெல்லாம் அரசியல்தான் என்றேன். "அப்ப அதையே எழுதுங்கோ."

சரி, புது ஆளுக்கு: நான் மங்களேஸ்வரி. மெல்பேர்னின் தென்கிழக்கில், டண்டினோங்குக்குப் பக்கத்தில் வாடகை வீடு. குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் வேலை. சனிக்கிழமை காலையில் சமூக வானொலியின் தமிழ் மணித்தியாலத்தில் 'நாட்டு நடப்பு' என்று பத்து நிமிடம் பேசுகிறேன். கூலி இல்லை. முடிந்தபின் ஒரு தேத்தண்ணி உண்டு. என் கணவர் தவநேசன் பாண் என்கிற ரொட்டி சுடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மகள் சாம்பவிக்குப் பதினெட்டு வயது.

இந்த நாட்டு அரசியலை ஒரே வரியில் சொல்வதென்றால், எதைக் கேட்டாலும் மாநிலக்காரர் "அது பெடரல்" என்பார்கள், பெடரல் என்கிற மத்திய அரசுக்காரர் "அது மாநிலம்" என்பார்கள். ஆஸ்பத்திரி மாநிலம். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கப் பார்க்கிற குடும்ப டொக்டர் பெடரல். ரயில் மாநிலம், விமானம் பெடரல். குப்பை வாளியை எடுக்காவிட்டால் கவுன்சில். மூன்று அரசுக்கும் வரி கட்டிவிட்டு நடுவில் நின்று மனிதர் முழிக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. பள்ளிக்கூடம் மாநிலம், பல்கலைக்கழகம் பெடரல். சாம்பவி பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அன்று ஒரு அரசின் கையிலிருந்து மற்ற அரசின் கைக்குப் போனாள். முதல் அரசு அவளைத் தன் பிள்ளைபோலப் படிப்பித்து, சான்றிதழும் கொடுத்து, கைதட்டி அனுப்பியது. இரண்டாவது அரசு எங்கள் தற்காலிக விசாவைப் பார்த்துவிட்டு, "இது வெளிநாட்டுப் பிள்ளை, வெளிநாட்டுக் கட்டணம்" என்றது. தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்தும் இப்போது மருந்துக்கடையில் ஷாம்பு அடுக்குகிறாள். நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்து இரண்டு வருடமாகிறது. பதில் இல்லை.

இதை எழுதியதால் நித்திரை வருமா என்று பார்ப்போம்.

மார்ச் 11, செவ்வாய்

வரவில்லை.

மார்ச் 15, சனி

இன்று நன்றாகப் பேசினேன் என்று நினைக்கிறேன்.

மே மாதம் பெடரல் தேர்தல் என்று அறிவித்தாயிற்று. எங்கள் தொகுதி எம்.பி. வாரன் பெல்லிங், ஆளும் கட்சி. அவருடைய துண்டுப்பிரசுரம் தமிழில் தபால் பெட்டிக்குள் கிடந்தது. 'தமிழ் சமூகத்துடன் எப்போதும் நின்றுகொண்டிருக்கிறேன்' என்று போட்டிருந்தது. அதை வானொலியில் வாசித்தேன். "பொங்கலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். வேட்டி நல்லாய்த்தான் கட்டியிருந்தார். ஆனால் தற்காலிக விசாவில் இருக்கிற எங்கள் ஆயிரக்கணக்கான பேரைப் பற்றிப் பாராளுமன்றத்தில் ஒரு சொல் பேசவில்லை. நின்றுகொண்டிருக்கிறவர் கொஞ்சம் இருந்து எழுதவும், எழும்பிப் பேசவும் வேண்டும்" என்றேன். எதிர்க்கட்சியையும் விடவில்லை. அவர்கள் வேட்டிகூடக் கட்டவில்லை.

இரண்டு பேர் தொலைபேசியில் வந்து பாராட்டினார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்து, தன் வீதியில் பஸ் நிற்பதில்லை என்றார். அது மாநிலம் என்றேன்.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் சற்குணராசா ஐயா ஓய்வுபெற்ற பொறியியலாளர். தேத்தண்ணி ஊற்றும்போது, "நல்லாய்த்தான் சொன்னனி பிள்ளை. ஆனா உன்ரை விசா இன்னும் அவையின்ரை மேசையிலை கிடக்குது. கொஞ்சம் பாத்து" என்றார்.

மார்ச் 17, திங்கள்

சற்குணராசா ஐயா வேலை இடத்துக்கே போன் எடுத்தார். பெல்லிங்கின் அலுவலகத்திலிருந்து வானொலிக்கு அழைப்பு வந்ததாம். சனிக்கிழமை பேசியவரின் முழுப்பெயரும் தொலைபேசி இலக்கமும் கேட்டார்களாம்.

"குடுத்திட்டியளோ?"

"கேட்டா என்னெண்டு பிள்ளை இல்லை எண்டுறது? மரியாதையாய்த்தான் கேட்டவை."

"என்ன விசயமாம்?"

"அதைச் சொல்லேல்லை."

தவநேசனுக்குச் சொல்லவில்லை. அவர் பயந்துவிடுவார்.

காப்பகத்தில் இன்று பருப்பும் சோறும். பிள்ளைகள் மிச்சம் வைக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

லீவு நாள். வீட்டு வேலை நிறைய. முன் அறைத் திரைச்சீலைகளைத் தோய்த்துப் போட்டேன். ஒன்று மெல்லிசாகத் தெரிந்தது, அதன்மேல் இன்னொன்றும் போட்டேன். சாம்பவியின் கட்டிலைப் பின் அறைக்கு மாற்றினேன். முன் அறையில் காலை வெயில் அதிகம். அலுமாரியைத் துப்புரவாக்கினேன். முக்கியமான கடதாசிகளை எல்லாம் ஒரு பையில் சேர்த்து வைத்தேன். ஒரே இடத்தில் இருப்பது நல்லது.

எதிர் வீட்டு வாசலில் வெள்ளை வான் ஒன்று காலையிலிருந்து நிற்கிறது. குழாய் திருத்துபவரின் பெயர் எழுதியிருக்கிறது. தொலைபேசி இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் குறித்து வைத்தேன். எங்கள் குழாயும் ஒருநாள் பழுதாகலாம்.

மாநில அரசு புதிதாகக் கட்டும் ரயில் பாதை பற்றிப் பேசலாம் என்று யோசித்தேன். மண்ணைத் தோண்டுவதற்கு இருக்கிற காசு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு இல்லை. ஆனால் மனம் ஒருநிலைப்படவில்லை.

மார்ச் 20, வியாழன்

தெரியாத இலக்கத்திலிருந்து மூன்று அழைப்பு. எடுக்கவில்லை. இந்த நாட்டில் தொலைபேசி மோசடிக்காரர் கூடிவிட்டார்கள். தொலைத்தொடர்பு பெடரல். அவர்கள் இதற்கு ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை.

சாம்பவி வேலை முடிந்து பஸ்ஸில்தான் வருவாள். இன்று நான் போய்க் கூட்டிவந்தேன்.

"ஏனம்மா? மழைகூட இல்லை."

"இந்தப் பக்கம் ஒரு அலுவல் இருந்தது."

"கடையெல்லாம் பூட்டியாச்சு. என்ன அலுவல்?"

பிள்ளைகள் இந்த நாட்டில் வளர்ந்தால் எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கிறார்கள்.

மார்ச் 22, சனி

இன்று உள்ளூராட்சி பற்றிப் பேசினேன். பச்சை மூடி வாளிக்குள் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது. பயனுள்ள விடயம்தான்.

போன கிழமை பஸ் நிற்பதில்லை என்ற அந்தப் பஸ்காரர் தொலைபேசியில் வந்து, "என்ன தங்கச்சி, இண்டைக்குக் குப்பையோ?" என்றார்.

முடிந்தபின் சற்குணராசா ஐயா ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். பெல்லிங்கின் அலுவலகம். என்னைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லையாம். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரில் வர இயலுமா, எம்.பி. சந்திக்க விரும்புகிறார் என்று இருந்தது. எதற்கு என்று இதிலும் இல்லை.

"நானும் வரட்டே பிள்ளை?"

"வேண்டாம் ஐயா. உங்களுக்கு ஏன் கரைச்சல்."

மார்ச் 25, செவ்வாய்

தவநேசன் குளிர் ஜக்கெற் தேடி அலுமாரியைத் திறந்திருக்கிறார். பையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"இதென்ன மங்களா?"

"அலுமாரி துப்புரவாக்கினனான்."

"பிறப்புச் சாட்சிப்பத்திரம். பிள்ளையின்ரை ரெண்டு உடுப்பு. என்ரை பிரஷர் குளிசை. இதெல்லாம் அலுமாரியிலையோ கிடந்தது?"

நான் புட்டை அவருடைய சாப்பாட்டுத் தட்டில் போட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வேட்டிக் கதை, அலுவலகத்து அழைப்பு, நாளைக்குப் பதினொரு மணி. அவர் பயப்படுவார் என்றுதான் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அவர் கத்தரிக்காய்க் குழம்பை விட்டுக் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"சரி. நாளைக்கு லீவு போடுறன்."

"நீங்கள் ஏன்? நான் தனியப் போட்டு வாறன்."

"எனக்காண்டி நீ எத்தினை நாள் வாசல்லை நிண்டனி. நான் ஒரு நாள் வாறன்."

இந்தக் கதையை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. புது ஆளுக்குச் சொல்ல வேண்டுமானால்: யாழ்ப்பாணத்தில் நாங்கள் இருவரும் ஒரே பத்திரிகையில் வேலை. அவர் செய்தியாளர், நான் அச்சுப்பிழை பார்ப்பவள். இரண்டாயிரத்து ஏழில் அவர் எழுதிய ஒரு செய்திக்காகக் காலையில் வெள்ளை வானில் வந்து கூட்டிப்போனார்கள். சின்ன விசாரணை என்றுதான் சொன்னார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நான் இராணுவ முகாம் வாசலில் சாப்பாட்டுடன் போய் நின்றேன். சாம்பவி வயிற்றில். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டை வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். அவருக்கு அதில் ஒரு பிடிகூடக் கொடுக்கவில்லை என்பது அவர் வெளியே வந்தபின்தான் தெரிந்தது.

அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. பழைய கதை. அவருக்குத்தான் அந்தப் பயம் இன்னும் விட்டுப்போகவில்லை.

இப்போது ஒன்பது மணி. படுத்தவுடனே குறட்டை விடுகிறார். பயந்த மனிதர் எப்படி இவ்வளவு நிம்மதியாக நித்திரை கொள்கிறார் என்று விளங்கவில்லை.

மார்ச் 26, புதன்

ஆறுதலாக எழுத வேண்டும். நடந்தது முழுவதையும்.

எம்.பி.யின் அலுவலகம் ஒரு மீன் பொரியல் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணாடிக் கதவு. காவலுக்கு ஆளில்லை. தள்ளினால் திறக்கிறது. உள்ளே ஒரு வெள்ளைக்கார முதியவர், தன் வாசல் மரத்தின் வேர் நடைபாதையைக் கிளப்பிவிட்டது என்று சண்டை பிடித்துக்கொண்டு நின்றார். "அது கவுன்சிலின் வேலை" என்று மேசையில் இருந்த இளம்பெண் சொன்னாள். "எல்லாரும் இதைத்தான் சொல்கிறீர்கள்" என்று அவர் கத்தினார். யாரும் அவரை வெளியே தள்ளவில்லை. அந்தப் பெண் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அவள் பெயர் ஜோசி. எங்களை உள் அறையில் இருத்தினாள். தவநேசன் கதிரையில் சாய்ந்து, சுவரில் தொங்கிய கால்பந்துக் கழகத்துச் சால்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைப் பார்த்தபடி இருக்கிற கதிரையில் இருந்தேன்.

பெல்லிங் வந்தார். நேரில் கொஞ்சம் குள்ளம். முகம் சிவந்திருந்தது. கைகொடுத்துவிட்டு நேராக விடயத்துக்கு வந்தார்.

"நீங்கள் வானொலியில் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்துத் தந்தார்கள். நான் ஒரு சொல்லும் பேசவில்லை என்று சொன்னீர்கள். அது உண்மையில்லை. எனக்குக் கோபம் வந்தது."

ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். பாராளுமன்றப் பேச்சுகளை அச்சடித்து வைக்கும் பதிவின் ஒரு பக்கம். இரண்டு வருடத்துக்கு முந்திய திகதி. அவர் பேசியிருக்கிறார். தொகுதியில் தற்காலிக விசாவில் வாழ்கிற தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகளின் படிப்பு, காலதாமதம் என்று இருந்தது.

அச்சுப்பிழை பார்த்த கண். ஒரு தடவை வாசித்து, திரும்பவும் வாசித்தேன்.

"இது எத்தனை நிமிடப் பேச்சு?" என்றேன்.

"ஒன்றரை நிமிடம் இருக்கும். எங்களுக்குத் தருவது அவ்வளவுதான்."

"சபையில் எத்தனை பேர் இருந்தார்கள்?"

அவர் ஜோசியைப் பார்த்தார். ஜோசி சுவரைப் பார்த்தாள்.

"அதிகம் பேர் இல்லை. சாப்பாட்டு நேரம்."

தவநேசன் சிரித்துவிட்டார். சத்தமாக. எனக்கு அந்தரமாகப் போய்விட்டது. ஆனால் பெல்லிங்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் என் கைகள் மடியில் எவ்வளவு இறுகிக் கிடந்தன என்று கவனித்தேன். கதிரை உயரம் சரியில்லை.

"அப்போ என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"இதற்குத்தான். திருத்திச் சொல்லும்படி கேட்க."

"வேறொன்றும் இல்லையா?"

"வேறென்ன?" என்றார் அவர். உண்மையாகவே விளங்காமல் கேட்டார். தேர்தலில் நிற்கிற ஒரு மனிதர், தன்னைப் பற்றி வானொலியில் பேசிய ஒருத்தியிடம், தயவுசெய்து திருத்துங்கள் என்று கேட்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும் என்பது அவருடைய தலைக்குள் வரவே இல்லை.

திருத்துவதாகச் சொன்னேன். ஒரு சொல் பேசவில்லை என்றது என் பிழை. ஆனால் இரண்டு வருடமாக ஒரே ஒரு தடவை என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன் என்றேன். அத்தோடு, நீங்களே வானொலிக்கு வந்து எங்கள் ஆட்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் என்ன என்றும் கேட்டேன். யோசித்துவிட்டு, சரி என்றார்.

எழும்பும்போது ஜோசி, "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்றாள். வருகிற எல்லாரிடமும் கேட்கிறதுதானாம்.

"ஒன்றும் இல்லை, நன்றி" என்றேன்.

"இருக்கு" என்றார் தவநேசன். தன் ஆங்கிலத்தில் மெதுவாக எங்கள் விண்ணப்பத்தைச் சொன்னார். மகளுடைய படிப்பையும் சொன்னார். நான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நிறுத்தவில்லை. விண்ணப்ப இலக்கம் அவருக்கு மனப்பாடமாம், எனக்கே தெரியாது. ஜோசி எழுதிக்கொண்டாள். "முடிவில் நாங்கள் தலையிட முடியாது. எங்கே நிற்கிறது என்று கேட்டுச் சொல்லலாம்" என்றாள்.

காரில் நான் வெடித்தேன். "வாய்க்கு வந்தபடி திட்டிப்போட்டு, அவனிட்டையே உதவி கேக்கிறதோ? இனி நான் எப்பிடி அந்தாளைப் பற்றிக் கதைக்கிறது?"

"கதை. ஏன் கதைக்கேலாது?"

"உதவி வாங்கின வாய் எப்பிடித் திட்டும்?"

"உதவி செய்யிறது அவரின்ரை வேலை. அதுக்குத்தான் சம்பளம். திட்டுறது உன்ரை வேலை. உனக்குச் சம்பளமும் இல்லை." வழியில் இன்னொரு மீன் பொரியல் கடைக்கு முன்னால் காரை நிறுத்தினார். "பசிக்குது. வாங்குவம்."

கிழங்குப் பொரியலைக் காரிலேயே இருந்து சாப்பிட்டோம். உப்புக் கூடுதல்தான். எனக்கு அவ்வளவு பசி இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

மார்ச் 27, வியாழன்

ஏழு மணிநேரம் நித்திரை. காப்பகத்துக்குப் பிந்திப் போனேன்.

மார்ச் 29, சனி

திருத்தினேன். "பெல்லிங் பாராளுமன்றத்தில் எங்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்று நான் சொன்னது பிழை. பேசியிருக்கிறார். அதை முழுவதும் வாசித்துக் காட்டுகிறேன். அதிக நேரம் எடுக்காது" என்று சொல்லி, தமிழில் வாசித்தேன். உண்மையாகவே அதிக நேரம் எடுக்கவில்லை.

பஸ்காரர் வந்தார். "இப்பதான் பழைய தங்கச்சி" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோடை நேரம் முடிந்ததால் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினோம். குயின்ஸ்லாந்துக்காரருக்கு இந்தக் கரைச்சல் இல்லை. கோடையில் இந்த நாட்டில் ஐந்து விதமான நேரம். நேரத்தைக்கூட மாநிலங்களிடம் கொடுத்துவிட்டு, ஒரே தேசம் என்று பாட்டுப் பாடுகிறார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், நேரத்துக்குக்கூட அடிபடாமல் ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு இருக்க முடிகிறதே என்பதும் ஒரு விடயம்தான். சாம்பவியின் கட்டிலைத் திரும்ப முன் அறைக்கு மாற்றினோம். பின் அறை ஈரம்.

ஏப்ரல் 26, சனி

பெல்லிங் வானொலிக்கு வந்தார். வேட்டி இல்லை, சாதாரணச் சட்டை. நான் கேள்விகளை ஆங்கிலத்திலும் பதில்களைத் தமிழிலும் மாற்றிச் சொன்னேன்.

முதல் அழைப்பு பஸ்காரர். எதிர்பார்த்ததுதான்.

"அது மாநில அரசின் பொறுப்பு" என்றார் பெல்லிங்.

நான் மொழிபெயர்க்கவில்லை. "மன்னிக்கவும், மாநிலத்திலும் உங்கள் கட்சிதானே ஆட்சி. போக்குவரத்து அமைச்சரின் தொலைபேசி இலக்கம் உங்களிடம் இருக்கும். ஒரு அழைப்பு எடுக்க முடியாதா?" என்றேன்.

அவர் கொஞ்சம் நெளிந்தார். பிறகு, எடுக்கிறேன், என்ன பதில் வந்தது என்று இங்கேயே சொல்லி அனுப்புகிறேன் என்றார். அதைத்தான் தமிழில் சொன்னேன். பஸ்காரர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவருக்கு அது புதிது.

விசா பற்றி நான்கு பேர் கேட்டார்கள். ஒரு தாய் அழுதாள். பெல்லிங் மைக்கைக் கிட்ட இழுத்தார். "என் கட்சி இதில் மெதுவாகத்தான் நடந்தது. அதற்கு நல்ல காரணம் என்னிடம் இல்லை" என்றார். அரசியல்வாதி வாயில் அப்படி ஒரு வசனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மொழிபெயர்க்கும்போது கவனமாக, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

எங்கள் விண்ணப்பத்தைப் பற்றி ஜோசி கேட்டுப் பார்த்தாளாம். 'பரிசீலனையில்' என்று பதில் வந்ததாம். இரண்டு வருடமாக எங்களுக்கு வந்த அதே சொல்.

மே 17, சனி

தேர்தல். நாங்கள் மூவரும் வாக்களிக்க முடியாது. ஆனாலும் வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பெற்றோர் சங்கம் இறைச்சிச் சொசேஜ் சுட்டு விற்கிறது, அதற்கு விசா தேவையில்லை. தவநேசன் வெங்காயம் கூடுதலாக வைத்து இரண்டு சாப்பிட்டார்.

மேற்சபை வாக்குச்சீட்டு படுக்கை விரிப்பு மாதிரி. மடிக்கத் தெரியாமல் ஒரு மனிதர் அல்லாடினார். கட்சித் தொண்டர்கள் எல்லாரும் ஒரே நிழலில் நின்று ஒருவருடைய தண்ணீரை மற்றவர் குடித்துக்கொண்டு, வருகிறவர்களிடம் மட்டும் சண்டைக்காரர் மாதிரித் தாள் நீட்டினார்கள். இங்கே வாக்களிக்காவிட்டால் தண்டம். இது ஒன்றுதான் இவர்களிடம் நான் முழுமனதாக மெச்சுகிற சட்டம். வராதவனையும் வரப்பண்ணினால், கத்துகிறவனுடைய குரல் மட்டும் எண்ணப்படாது.

ஆறு மணிக்குப் பிறகு தொலைக்காட்சி. ஒன்பதுக்குள் முடிந்துவிட்டது. பெல்லிங் தோற்றார்.

மேடையில் வந்து பேசினார். பக்கத்தில் மனைவி. வென்ற பெண்ணுக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டேன், அவர் நல்லவர், தொகுதியை நன்றாகப் பார்ப்பார் என்றார். பிழைகள் எல்லாம் என்னுடையவை என்றார். ஜோசி பின்னால் நின்று அழுதாள்.

எங்கள் ஊரில் தேர்தல் முடிந்த இரவில் தோற்றவர் வீட்டில் விளக்கு எரிவதில்லை. வீட்டுக்காரரும் அங்கே இருப்பதில்லை.

"என்ன மங்களா, நீ ஏன் முகத்தைத் தொங்கப்போடுறாய்? நீதானே அந்தாளைக் கிழிச்சனி" என்றார் தவநேசன்.

"நான் தொங்கப்போடேல்லை. வெங்காயம் ஒத்துக்கொள்ளேல்லை."

மே 22, வியாழன்

காப்பகத்தில் பிள்ளைகளுக்கு வத்தகப்பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். சாம்பவி போன் எடுத்தாள். வேலை நேரத்தில் எடுக்க மாட்டாள்.

"அம்மா, இருந்துகொண்டு கேளுங்கோ."

"அப்பாவுக்கு என்ன?"

"அப்பாவுக்கு ஒண்டுமில்லை."

"உனக்கு என்ன நடந்தது? எங்கை நிக்கிறாய்?"

"அம்மா, ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. விசா வந்திட்டுது. மூண்டு பேருக்கும். நிரந்தரம்."

என்னோடு வேலை செய்யும் ஹோவா என் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்தாளாம். எனக்கு ஞாபகமில்லை. பிள்ளைகளின் சின்னக் கதிரையில் இருந்திருக்கிறேன். மூன்று வயதுக்காரி ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, விளையாட்டுக் கோப்பை ஒன்றில் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. முழுவதும் குடித்தேன். இன்னும் வேண்டுமா என்றாள். வேண்டும் என்றேன்.

ஜோசிக்குப் போன் எடுத்தேன். அவள் அலுவலகத்துச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் கேட்டதற்கும் இதற்கும் தொடர்பில்லை, வரிசைப்படி வந்ததுதான் என்றாள். அதைக் கேட்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. பெட்டிக்கு ஒட்டுநாடா இழுக்கிற சத்தம் கேட்டது. ஒருத்திக்கு வேலை போன நாள், ஒருத்திக்கு நாடு கிடைத்த நாள்.

சாம்பவி வருட நடுவில் தாதியர் படிப்பில் சேரலாமாம். உள்ளூர்ப் பிள்ளையாக. தவநேசன் நாளைக்கு லீவு என்று தொழிற்சாலைக்குச் சொன்னார். அரை மணி கழித்து, லீவு எடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை, வேலைக்கு வருகிறேன் என்று திரும்பச் சொன்னார். இரவுச் சாப்பாட்டுக்கு முட்டைக்கோப்பி அடித்துத் தந்தார். சோற்றுக்கு முட்டைக்கோப்பி. மூவரும் குடித்தோம்.

மே 31, சனி

புது எம்.பி.யைப் பற்றி முதல் தடவை பேசினேன். பதவிக்கு வந்து இரண்டு கிழமைதான், ஒன்றும் செய்யவில்லை என்று இப்போது சொல்வது நியாயமில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி வைத்தேன். மாநில வரவுசெலவுத் திட்டத்தையும் ஒரு பிடி பிடித்தேன். பஸ்காரரின் வீதியில் பஸ் இன்னும் நிற்கவில்லை. ஆனால் பரிசீலிக்கிறோம் என்று அமைச்சின் பதில் வந்திருக்கிறதாம். பெல்லிங் போகிற போக்கில் அழைப்பு எடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

திரும்பி வரும்போது பால் வாங்க சூப்பர்மார்க்கெட்டுக்குள் போனேன். தவநேசன் காரில் இருந்தார். வரிசையில் நிற்கும்போது பின்னால் யாரோ, "நீங்கள் வானொலிப் பெண்மணி" என்றார்கள்.

பெல்லிங். காற்சட்டையும் பழைய ஸ்வெட்டரும். இரண்டு நாள் தாடி. கையில் நாய்த் தீனியும் ஒரு பக்கெற் பாணும். அவரைச் சுற்றி யாரும் இல்லை. முன்னுக்கு நின்ற பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விசா வந்ததைச் சொன்னேன். "அதில் என் பங்கு ஒன்றும் இல்லை" என்றார். "தெரியும்" என்றேன். "இருந்தாலும் சந்தோசம்" என்றார். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான் கேட்டேன். முதலில் நாயை நடக்கக் கூட்டிப்போவது, பிறகு வேலை தேடுவது என்றார்.

"உங்களுக்கு எப்போது வாக்குரிமை வரும்?"

"குடியுரிமை வந்தபின். அடுத்த தேர்தலுக்கு வந்துவிடும்."

"இந்த முறை இருந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பீர்கள்?"

"இங்கே இரகசிய வாக்கெடுப்பு என்றுதான் கேள்விப்பட்டேன்" என்றேன்.

அவர் பெரிதாகச் சிரித்தார். என் கூடையில் சாமான் அதிகம் இருந்தது, அவர் கையில் இரண்டு. முன்னுக்குப் போங்கள் என்றேன். வேண்டாம் என்று மறுத்து, பிறகு போனார். காசைக் கட்டி, தலையசைத்துவிட்டு வெளியே நடந்தார்.

நான் பாலுடன் வெளியே வந்தபோது அவர் இன்னும் கார் தரிப்பிடத்தில் நின்றார். எங்கே நிறுத்தினார் என்று மறந்துவிட்டார் போலிருக்கிறது. பாண் பக்கெற்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வரிசையிலும் அந்த வரிசையிலும் நடந்தார். ஆட்கள் தங்கள் பாட்டில் தள்ளுவண்டிகளுடன் அவரைக் கடந்து போனார்கள். ஒரு நீலக் காருக்குப் பக்கத்தில் கையிலிருந்த கார்த் திறப்பை அழுத்திப் பார்த்தார், அது அவருடையதில்லை. பிறகு அடுத்த வரிசையில் ஒரு சாம்பல் நிறக் கார் விளக்கை மினுக்கியது. ஏறினார். பெல்ட்டைப் போட்டார். பின்னால் நடந்துபோன ஆளுக்கு இடம் விட்டு, மெதுவாக எடுத்து, வீட்டுப் பக்கம் திரும்பினார்.

தவநேசன் கண்ணாடியை இறக்கினார். "மங்களா, ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

"ஒருத்தரையும் இல்லை. அவர் பத்திரமாய் வீட்டை போயிட்டார்" என்று சொல்லி, காரில் ஏறினேன்.